தாயைப் பார்த்தீங்களா?

பால்மா பெட்டிக்குள் வந்திறங்கும் நாய்க்குட்டிகளைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். நுவரெலியாவில் ஒரு தனியார் மிருக வைத்தியரிடம் உதவியாளர் வேலை. காலையில் மேசையைத் துடைத்து முடிப்பதற்குள் யாராவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். திறந்தால் எட்டு வாரக் குட்டி, குளிருக்குப் பழைய கம்பளிச் சட்டையில் சுருண்டு கிடக்கும். முதல் ஊசி, பூச்சி மருந்து, எடை. அப்புறம் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வி வரும்: "வீட்டுல பூனை இருக்குங்க மிஸ். ஆடும் இருக்கு. ஒத்துப்போகுமா?"

எங்கள் பக்கத்தில் நாய் தனியாக வளர்வதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கோழிக்கூடு இருக்கும், மாட்டுக்கொட்டில் இருக்கும், கொடியோரம் இரண்டு வெள்ளாடு கட்டியிருக்கும். அடுப்படிச் சூட்டில் ஒரு பூனை. அதனால் அல்சேஷன், பார்டர் கொலி, கோர்கி என்று ஆடு மாடு மேய்க்க வளர்த்த மந்தை நாய் இனக் குட்டியோடு யாராவது வந்தால் அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்டர் கொலிக் குட்டியைக் கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளை, நெற்றியில் கோடு. கிளினிக் பூனை பக்கத்தில் போனது. குட்டி முகர்ந்துவிட்டு அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. "பாருங்க சேர், பூனையோடயே தூங்குது. ஒரு பிரச்சினையும் வராது" என்று சொன்னேன். அவர் நம்பிப் போனார்.

ஐந்தாம் மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. குட்டி ஆடுகளைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. அன்று மாலை சினை ஆடு ஒன்றைத் தேயிலை மலைச் சரிவில் ஓட்டியிருக்கிறது. ஆடு மிரண்டு ஓடி, தண்ணீர் ஓடக் கான் வெட்டிய பள்ளத்தில் விழுந்து, இரவே குட்டி வீசிவிட்டது. டொக்டரோடு நானும் போனேன். ஆட்டின் உடம்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. நாய் கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. கொட்டில் வாசலில் தலையைத் தாழ்த்தி, முன்னங்காலில் ஒன்றை மண்ணில் ஊன்றாமல் தூக்கியபடி, வாலைக் கீழே இறக்கி, மிச்சமிருந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆடு வலப்பக்கம் அசைந்தால் இதுவும் அசைந்தது. அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. ஆசிரியர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் டொக்டர் விளக்கினார். ஓநாய் இரையைப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், பிடிக்கும், கொல்லும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வரிசையின் முன்பகுதியைத் தீட்டி, பின்பகுதியை மழுக்கி வளர்த்த நாய்கள்தான் இவை. பார்டர் கொலி கண்ணால் மறிக்கும். கோர்கி மாட்டின் குதிகாலைக் கவ்வும். அல்சேஷனின் முன்னோர் மந்தையின் ஓரமாக நடந்து நடந்து, வேலி மாதிரி எல்லை காத்தவை. இந்தக் குணம் எட்டு வாரத்தில் பெரும்பாலும் வெளியே தெரியாது. சில மாதம் போன பிறகுதான் கண் விழிக்கும். பூனையோடு தூங்கிய குட்டியைக் காட்டி நான் கொடுத்த வாக்கு அதனால்தான் பொய்த்தது.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே, இந்த விஷயத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய பார்டர் கொலிகளில் பெரும்பாலானவை 1893இல் இங்கிலாந்தின் நோர்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரே நாயின் வம்சத்தில் வருபவை. சத்தமில்லாமல் பார்வையாலேயே ஆட்டை நகர்த்திய நாய் அது. நூறு வருடத்துக்கு மேல் கடந்தும் அந்தப் பார்வை கொட்டகலைக் கொட்டில் வாசலில் வந்து நின்றது.

அதனால் இப்போது என் முதல் கேள்வி, "தாயைப் பார்த்தீங்களா?" பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டார்கள். போனில் வந்த படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியிருப்பார்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், நேரில் போய்த் தாய் இருக்கும் இடத்தில் ஒரு மணிநேரம் உட்காரச் சொல்கிறேன். முற்றத்தில் கோழி போனால் தாய் என்ன செய்கிறது? பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறதா, விறைத்து நிற்கிறதா? வீட்டுக்காரர் கூப்பிட்டால் பார்வையை விட்டுவிட்டு வருகிறதா? கூப்பிட்டதும் விடத் தெரிந்த தாயின் குட்டிதான் பூனை இருக்கும் வீட்டுக்கு நல்லது. தகப்பனையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆட்டுப்பட்டி வேலைக்கென்றே வளர்த்த வம்சம் என்று பெருமையாகச் சொன்னால், பட்டி இல்லாத வீட்டுக்காரர் அதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டும்.

குட்டிகளில் முதலில் ஓடி வந்து கையைக் கவ்வுவதைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு நடுத்தரமானதுதான் பிடிக்கும். ஓசை கேட்டுத் திடுக்கிட்டாலும் உடனே தெளிந்து வருவது. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதைப் பழகுகிறதோ அதுவே அதன் உலகம் என்பதால், பூனையும் கோழியும் உள்ள வீட்டில் பிறந்த குட்டி கிடைத்தால் விடக்கூடாது. ஒரே ஈற்றில் இரண்டு குட்டி வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கொன்று ஏவிவிட்டுக்கொள்ளும்.

இன்னொன்றையும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், மாடு வளர்ப்பவர்களுக்கு இரண்டு தடவை. ஆடு மாட்டுக்குச் சொறிக்கும் பூச்சிக்கும் போடும் ஐவர்மெக்டின் மருந்தை இந்த நாய்களுக்கு உத்தேச அளவில் போடாதீர்கள். கொலி வம்சத்தில் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை உண்டு. 2001இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். அந்தக் குறை உள்ள நாய்க்கு மருந்து மூளைக்குள் ஏறிவிடும். தள்ளாடும், பார்வை போகும், மயங்கும், செத்தும் போகலாம். பார்டர் கொலியில் இது குறைவு, இருந்தாலும் இல்லை என்று நினைக்க முடியாது. மருந்து போட்ட மாட்டின் சாணத்தைத் தின்றாலும் ஆபத்து. மீதி மருந்து இருக்கிறதே என்று நாய்க்கும் கொஞ்சம் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆசிரியர் நாயை விற்கவில்லை. நானும் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனேன். நீளக் கயிறு கட்டி, ஆட்டைப் பார்த்த உடனே பெயர் சொல்லி, திரும்பினால் ஒரு துண்டு அவித்த ஈரல். துரத்த ஒரு தடவைகூட இடம் கொடுக்கவில்லை, ஏனென்றால் துரத்துவதே அதற்குச் சம்பளம். பூனைக்கு அடுப்படியில் உயரமாக ஒரு பலகை அடித்தோம். காலையும் மாலையும் நாயைத் தேயிலை மலைப் பாதையில் நடத்தினோம். சிறுத்தை வரும் இடம் என்பதால் இருட்டும் முன்பே வீட்டுக்குள். ஆடு மேய்க்கும் நேரத்தில் மட்டும் அதைக் கடைசிவரை கட்டித்தான் வைத்தார்கள்.

போன வாரம் நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி பேசினார். வீட்டில் இரண்டு பூனை, ஆறு கோழி. அல்சேஷன் குட்டி பார்க்கப் போன இடத்திலிருந்தே போன் எடுத்திருந்தார்.

"அக்கா, தாய் படுத்திருக்கு. கோழி அது வால் பக்கத்துல மேயுது. காதை மட்டும் ஆட்டுச்சு, எழும்பல."

"கூப்பிடச் சொல்லுங்க தம்பி."

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போனில் கேட்டது.

"வந்துருச்சுக்கா. கோழியைத் தாண்டி நேரா வந்துருச்சு."