கொலைகாரனைச் சுற்றியிருந்தவர்கள்

சீரியல் கில்லர்களைப் பற்றிய உண்மைக் குற்ற நூல்களை நான் விரும்பிப் படிப்பவள் என்று தெரிந்ததும், எதிரில் இருப்பவரின் முகத்தில் ஒரு தயக்கம் தோன்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து வரும்போதெல்லாம் என் பெரியம்மா மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா இந்தக் கொலகாரன் கதையெல்லாம் படிச்சிக்கினு கீற, ராத்திரில தூக்கம் வருமா?" என்று கேட்பார். தூக்கம் நன்றாகவே வருகிறது. அவருடைய கேள்வியில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், இத்தகைய நூல்களைப் படிப்பவர்கள் எல்லாரும் கொலைகாரனின் மனத்துக்குள் எட்டிப்பார்க்கும் ஆசையில்தான் படிக்கிறார்கள் என்ற பொதுவான எண்ணம் என் விஷயத்தில் பொருந்தாது. கொலைகாரனின் மனத்தை விளக்க முற்படும் அத்தியாயமே பெரும்பாலான நூல்களில் எனக்கு மிகவும் சலிப்பூட்டுவது. அடித்து வளர்த்த தகப்பன், தலையில் பட்ட காயம், சிறுவயதில் வதைத்த பூனை என்று அது நூலுக்கு நூல் ஒரே அச்சில் இருக்கிறது. அதே துன்பங்களோடு வளர்ந்து ஒழுங்காகக் குடும்பம் நடத்தும் மற்றவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நான் தேடுவது வேறு: இத்தனை பேர் சாகும்வரை சுற்றியிருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை எழுதி வைத்தார்கள், எழுதி வைத்ததை ஏன் ஒருவரும் சேர்த்துப் படிக்கவில்லை?

வேலூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு இயல்பாக வந்திருக்கலாம். அதனாலேயே, இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஷிப்மனின் வழக்கைப் போல வேறெந்த வழக்கும் என்னைப் பிடித்து வைத்ததில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நடந்த பொது விசாரணை, அவரால் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று முடிவுக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் நல்ல டாக்டர் என்று அவர்கள் அவரை நம்பினார்கள். அவர் டயாமார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணி ஊசியைக் கொல்லும் அளவுக்குப் போட்டார். பிறகு இறப்புச் சான்றிதழையும் அவரே எழுதினார்.

இந்த வழக்கில் கத்தியும் இல்லை, இருட்டும் இல்லை. பட்டப்பகலும் படிவங்களும்தான் இருந்தன. தகனத்துக்கு முன் இரண்டாவதாக ஒரு மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்பது அந்நாட்டில் அன்றிருந்த விதி; பக்கத்து மருத்துவ நிலையத்தினர் அந்தக் கையெழுத்தை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார்கள். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்தான், இந்த டாக்டரின் நோயாளிகள் பலர் வெளியே போகும் உடையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கிறார்களே என்று முதலில் கவனித்தவர்களில் ஒருவர். 1998 மார்ச்சில் பக்கத்து நிலையத்துப் பெண் மருத்துவர் ஒருவர் புகார் கொண்டுபோனார். காவல்துறை விசாரித்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிட்டது. பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசிக்காகப் போலி மருந்துச் சீட்டு எழுதி 1976இலேயே ஷிப்மன் தண்டனை பெற்றவர் என்பதைக்கூட அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. அதன் பிறகு மேலும் மூன்று பெண்கள் இறந்தார்கள். கடைசியாக இறந்த 81 வயது மூதாட்டியின் உயிலைச் சொத்து முழுவதும் தனக்கே வருமாறு ஷிப்மன் போலியாகத் தட்டச்சு செய்திருந்தார். மூதாட்டியின் மகள் வழக்கறிஞராக இருந்ததால் விஷயம் உடைந்தது.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும் இடம் இதற்கும் பிறகுதான் வருகிறது. நோயாளி இறந்தபின், அவருக்கு முன்பே இதயக் கோளாறு இருந்ததாகக் காட்டுவதற்காக, கணினியில் பழைய தேதிகளைப் போட்டுப் பொய்க் குறிப்புகளை ஷிப்மன் சேர்த்திருந்தார். ஒவ்வொரு குறிப்பும் உண்மையில் எந்த நாளில், எந்த நேரத்தில் ஏற்றப்பட்டது என்பதை அந்தக் கணினி தன்பாட்டுக்குப் பதிந்து வைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் அந்த நேரக் குறிப்புகள் அவருக்கு எதிராகப் பேசின. வங்காளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, டாக்டரின் முகத்தைப் பார்த்தாலே பாதி நோய் போய்விட்டது என்று சொல்லும் மனிதர்களை நாள்தோறும் காணும் ஊரில் அமர்ந்து இதைப் படிப்பது ஒரு தனி அனுபவம். அதனால் எனக்கு டாக்டர்கள்மீது சந்தேகம் வந்துவிடவில்லை. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பது மட்டும் கண்ணில் உறைத்தது.

ஹைட் தொலைவில் இருக்கிறது என்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. கர்நாடகத்தில் 'சயனைடு' மோகன் என்று பெயர் பெற்ற முன்னாள் பள்ளி ஆசிரியர், திருமண ஆசை காட்டி அழைத்துச் சென்ற பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை என்று சொல்லிச் சயனைடைக் கொடுத்தார். அவர்களின் உடல்கள் வெவ்வேறு ஊர்களின் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் கிடைத்தன. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் கிடந்த உடலை இயற்கைக்கு மாறான மரணம் என்று தனித்தனியே பதிந்துகொண்டது. 2009இல் காணாமற்போன ஒரு பெண்ணின் கைப்பேசி அழைப்புகளைப் பின்தொடர்ந்தபோதுதான் அந்தத் தனித்தனிக் கோப்புகள் ஒன்றுசேர்ந்தன.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இத்தகைய நூல்களின்மீது ஆண்களைவிடப் பெண்களுக்கே நாட்டம் அதிகம் என்றும், கொலைகாரனின் நோக்கத்தையும் அவனிடமிருந்து தப்பிக்கும் வழிகளையும் சொல்லும் நூல்களே அவர்களை ஈர்க்கின்றன என்றும் கண்டது. என்னிடம் புத்தகம் இரவல் வாங்குவோரும் பெண்கள்தாம் என்பதால் முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாவது பாதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. குடும்ப டாக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போடும்போது எந்தத் தற்காப்புக் குறிப்பு அந்த மூதாட்டிகளுக்கு உதவியிருக்கும்?

கொலைகாரர்களின் வாய்மொழியை அச்சிட்டுப் படிக்கும் பழக்கத்துக்கு எங்கள் மாவட்டத்திலும் ஒரு பழைய வேர் இருக்கிறது. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்தது சித்தூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ரைட், வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட பான்சிகர்களிடம் வாக்குமூலங்களைத் திரட்டினார். சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த ரிச்சர்டு ஷெர்வுட் அவர்களைப் பற்றி 1816இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் வடக்கே தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைக் கூட்டத்தாரை ஒடுக்கிய ஆங்கில அதிகாரிகளும், அவர்களின் கதைகளை ஆவலோடு படித்த லண்டன் வாசகர்களும் வந்த பாதையில் அந்தக் கட்டுரையும் கிடக்கிறது. தூக்குக்குத் தப்புவதற்காக அப்ரூவராக மாறியவன் சொன்னதில் எவ்வளவு உண்மை, கேட்ட அதிகாரிக்குப் பிடிக்கும் என்று சொன்னது எவ்வளவு என்ற சர்ச்சை வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை.

அந்தச் சர்ச்சையை அறிந்த பிறகு, சிறைக்குள் எடுத்த பேட்டியை முழுதாக நம்பி எழுதப்பட்ட நூல்களை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன். டெக்சாஸில் பிடிபட்ட ஹென்றி லீ லூக்காஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். பல ஊர்களின் காவலர்கள் வரிசையில் வந்து தங்கள் ஊரில் துலங்காமற் கிடந்த வழக்குகளை அவன்மேல் எழுதி முடித்துக்கொண்டார்கள். அவன் வேலை பார்த்த இடத்துச் சம்பளப் பதிவுகளும் பிறவும், கொலை நடந்ததாகச் சொன்ன பல நாள்களில் அவன் வேறெங்கோ இருந்ததைக் காட்டிவிட்டன. அவனுக்கு விதிக்கப்பட்டிருந்த மரண தண்டனையை 1998இல் ஆளுநர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

தமிழில் இவ்வகை எழுத்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆட்டோ சங்கர். 1991இல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய சம்மதமும் தேவையில்லை. அதற்கு அப்பால் ஒருவருடைய சொந்த வாழ்க்கையைச் சம்மதமின்றி எழுதினால் அந்தரங்க உரிமை மீறப்படும் என்றது அது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயர்கள் பதிவில் இருந்தாலும் வெளியிடப்படக் கூடாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்துக் கடைகளில் இரத்தம் சொட்டும் அட்டையோடு தொங்கும் மலிவுப் பதிப்புகளை எழுதுவோர் இந்த விலக்கைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை. அவற்றில் ஆண்டு இருந்தால் மாதம் இருக்காது. செத்துப்போன பெண்ணுக்கு வருணனை இருக்கும், அவளைத் தேடி அலைந்த தாய்க்கு ஒரு வரி இருக்காது.

செங்கல்பட்டு வழக்கின் சாட்சியங்களையும், காணாமற்போனவர்களைப் பற்றி வீட்டார் கொடுத்த முதல் புகார்களையும், அவை எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை நாள் கிடந்தன என்பதையும் தேதி வாரியாகக் கோத்து எழுதிய தமிழ் நூல் ஒன்று இதுவரை என் கைக்கு வரவில்லை. யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள். அட்டையில் இரத்தம் இல்லையென்றால் பெரியம்மாவுக்கும் படிக்கக் கொடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.