கல்சர் ரிப்போர்ட் வரும்வரை

ஜூலை 25
நீர்க்கடுப்பு. போய்விட்டு வந்த சூட்டோடு மறுபடி முட்டுகிறது, உட்கார்ந்தால் நாலு சொட்டு, அதுவும் எரிந்துகொண்டு. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கவுன்ட்டரை விட்டு நகர முடியவில்லை.

ஜூலை 26
டாக்டரம்மா நிறையக் கேட்டார். காய்ச்சல், குளிர், வாந்தி, விலாவில் வலி, நாள் தள்ளிப்போயிருக்கிறதா. எதுவும் இல்லை. கிருமி சிறுநீரகம் வரை ஏறினால்தான் காய்ச்சலும் விலா வலியும் வருமாம், வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கல்சருக்குக் கொடுக்கச் சொன்னார், என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கிற சோதனை, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் கிருமியைக் கொல்கிற நைட்ரோஃப்யூரான்டாயின் மாத்திரை 100 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு, 5 நாள்.

ஜூலை 27
சிறுநீர் பழுப்பாகப் போகிறது. மாத்திரையின் நிறம்தான், முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் பார்த்ததும் திக்கென்றது.

ஜூலை 28
ஹாஸ்டலில் ஒரு அக்கா, "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எப்படி வரும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். உடம்பெல்லாம் கூசியது. எப்படி வரும் என்றால், நம் குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலும் காரணம், ஆணுக்கு 20 சென்டிமீட்டர் நீளமிருக்கிற, சிறுநீர் வெளியேறுகிற குழாய் பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான், அதன் வாயும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கிருமிக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். உறவு கொண்டால் வர வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வருகிறது, மாதவிடாய் நின்ற பாட்டிக்கும் வருகிறது. இப்படிப் பேசுகிறவர்களுக்குப் பயந்துதான் பெண்கள் வெளியே சொல்லாமல் காய்ச்சல் வரும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 29
அம்மா போனில், சூடு, இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்கிறாள். நிறையத் தண்ணீர் குடித்தால் திரும்பத் திரும்ப வருவது குறையும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். குடிக்கிறேன். குடித்தால் போக வேண்டுமே, எங்கே விடுகிறார்கள்? எங்கள் தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, மேல் மாடிக்கு ஏற வேண்டும், அதற்கும் டோக்கன் வாங்க வேண்டும், முகூர்த்தப் பட்டு பார்க்கிற கூட்டம் உட்கார்ந்திருந்தால் டோக்கனும் கிடையாது. அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி, மத்தியானம் வரை யாரும் வாயில் தண்ணீர் வைப்பதில்லை. கடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. உட்கார ஸ்டூல் கொடுத்தவர்கள் இதையும் கொடுக்க வேண்டாமா? அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்ப்பைக்குள் கிருமி பெருகத்தானே செய்யும்?

ஜூலை 30
வந்துவிட்டது! ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல். நைட்ரோஃப்யூரான்டாயினுக்கு நேரே கேட்கும் என்று இருக்கிறது, சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்குக் கேட்காது. எரிச்சல் ஆரம்பித்த அன்றைக்குப் பக்கத்துக் கவுன்ட்டர் பெண் தன் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது அந்த சிப்ரோதான். மருந்துக்கடையில் அவளாகக் கேட்டு வாங்கியது, எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டாளாம். அந்த மீதியைப் போடாதே என்று ரிப்போர்ட்டைக் காட்டியே சொன்னேன்.

ஜூலை 31
எரிச்சல் இல்லை. கடைசி மாத்திரையும் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 2
நாளை ஆடிப்பெருக்கு, கடை தாங்காது. டோக்கன் வேண்டாம், கேட்டதும் விடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் காலையிலேயே சேர்ந்து பேசுவதாக இருக்கிறோம். பட்டுப் பிரிவு அக்காவும் வருகிறேன் என்றார், அவருக்குச் சர்க்கரை வேறு.