பெரியம்மாவின் ஃபின்னும் நான்கு ஞாயிறுகளும்

என் பெரியம்மா 1975 வரை சைகோனில் இருந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அங்கே வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவர் அலமாரியில் நெடுநாள் கிடந்த அலுமினிய ஃபின் ஒன்றைப் போன மாதம் என் கையில் கொடுத்து, "நீயாவது போட்டுக் குடி கண்ணு" என்றார். அன்று தொடங்கியதுதான் இந்த வேலை.

ஃபின் என்பது வியட்நாமியக் காபி வடிகட்டி. டம்ளரின் வாயில் உட்காரும் ஓட்டைத் தட்டு, சிறு கிண்ணம், தூளின் மேல் வைக்கும் ஓட்டை வில்லை, ஒரு மூடி, அவ்வளவுதான். நம் பித்தளை ஃபில்டரைப் போல டிகாக்‌ஷனைப் பிடிக்கக் கீழ்ப் பாத்திரம் கிடையாது. நேராக டம்ளரில் சொட்டும்.

முதல் ஞாயிறு, வீட்டில் இருந்த ஃபில்டர் காபித் தூளையே போட்டேன். சிக்கரி கலந்த நைசான தூள். ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. கால் மணி நேரமாகியும் பாதி கூட இறங்கவில்லை, இறங்கியதும் ஆறிப்போயிருந்தது. அடுத்த வாரம் கொரகொரப்பாக அரைத்தேன். ஒரே நிமிடத்தில் ஓடிவிட்டது. தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர்.

மூன்றாம் வாரம் வயநாட்டு ரொபஸ்டா கொட்டையைக் கருக வறுத்ததாக வாங்கி, ரவை பதத்துக்கு அரைத்தேன். இருபது கிராம் தூள். கிண்ணத்தைத் தட்டிச் சமன் செய்து, வில்லையை அழுத்தாமல் மேலே வைத்து, கொதித்து அடங்கிய வெந்நீர் 25 மில்லி மட்டும் விட்டேன். தூள் உப்பி வர முக்கால் நிமிடம். பிறகு 90 மில்லி. சொட்டு சொட்டாக ஐந்து நிமிடம். டம்ளரின் அடியில் இரண்டு கரண்டி கண்டென்ஸ்டு மில்க் இருந்ததால் வெள்ளைக்கு மேல் கறுப்பு கலக்காமல் தனியாக நின்றது. கலக்கி ஐஸ் மேல் ஊற்றினால் அதுதான் கா ஃபே ஸூவா டா.

அராபிகாவில் இது அமையாது என்று அடித்துச் சொல்வேன். அத்தனை இனிப்புக்கு ஈடுகொடுக்க ரொபஸ்டாவின் கசப்பு வேண்டும். உலகிலேயே ரொபஸ்டாவை மிகுதியாக விளைவிக்கும் நாடு வியட்நாம். புவான் மா துவட் பகுதி அதற்குப் பேர்போனது. பசும்பால் அரிதாக இருந்த வெப்ப நாட்டில் டப்பா பால் காபிக்குள் வந்தது இயல்புதான்.

காபியோடு பான் மீயும் செய்து பார்த்தேன். நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே இறைச்சி, காய் எல்லாம் அடைத்த வியட்நாமிய உணவு அது. அதில் ரொட்டிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டிக்கு மேல்தோல் தடிமன். பான் மீக்கு அது காகிதம் போல மெல்லியதாய் நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சு போல் இருக்க வேண்டும். மைதாவோடு அரிசி மாவு சேர்த்துப் பார்த்தேன், கனத்துப்போனது. விட்டுவிட்டேன். பலன் தந்தது நீராவி: ஓவன் 220 டிகிரிக்குச் சூடானதும் அடித்தட்டில் கொதிநீர் ஊற்றி, மாவின் மேல் நீளமாய் ஒரு கீறல் போட்டு உள்ளே வைத்தேன். இந்த முறை கீறல் பூவாய் விரிந்தது. வெளியே எடுத்து ஆற வைத்தபோது தோல் படபடவென்று வெடித்த சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உள்ளே வைக்க கோழி ஈரலைச் சின்ன வெங்காயம், பூண்டோடு வெண்ணெயில் வதக்கி அரைத்த பாத்தே. சோயா சாஸ் தெளித்த அரைவேக்காட்டு முட்டை. வெள்ளரிக்காய், கொத்தமல்லி, கீறிய மிளகாய். இவற்றோடு டோ சுவா என்ற புளிப்புக் காய். முள்ளங்கியையும் கேரட்டையும் குச்சிகுச்சியாய் நறுக்கி அப்படியே வினிகரில் போட்டிருந்தேன். நீர் விட்டு ரொட்டி ஊறிப்போனது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கையால் பிசையச் சொன்னார். ஒரு முள்ளங்கிக் குச்சியை எடுத்து இரண்டு முனையும் தொடும்படி வளைத்துக் காட்டினார். "ஒடியக் கூடாது. இப்போது அலசிப் பிழிந்துவிட்டு வினிகரில் போடு." ஒரு மணி நேரம் ஊறியபின் கடித்தால் நறுக்கென்றிருந்தது, ரொட்டியும் நனையவில்லை.

பிரெஞ்சு வழக்கப்படி ரொட்டி ஒருபுறம், இறைச்சி ஒருபுறம் எனத் தட்டில் வைத்துச் சாப்பிட்டதுதான் பழைய முறை. 1954இல் வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி சைகோனில் 1958இல் திறந்த ஹோவா மா கடை, எல்லாவற்றையும் ரொட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுத்து விற்ற முன்னோடிகளில் ஒன்று.

நான்காம் ஞாயிறு பெரியம்மாவுக்கு ஒன்று முழுதாகச் செய்து தட்டில் வைத்தேன். பாதி சாப்பிட்டார். மீதியை மாலைக்கு எடுத்துப் போக டப்பா கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்லி, பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டார்.