மெர்சியாவின் எல்லையில் நின்ற வண்ணம்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில வரைபடக்காரர் ஜான் ஸ்பீடு, இடைக்காலத் தொடக்கத்து இங்கிலாந்தின் ஏழு அரசுகளைக் காட்டிய ஆங்கிலோ-சாக்சன் ஏழரசு வரைபடத்தில், மெர்சியாவும் கிழக்கு ஆங்கிலியாவும் உரசிக்கொள்ளும் புள்ளிக்கோட்டின் இருபுறமும், மஞ்சளும் சிவப்பும் ஒன்றோடொன்று கலவாமல் காய்ந்துவிட்டன. இதற்காக நான் வீணாக்கிய தாள்கள் ஒரு கட்டு இருக்கும். ஆகவே பெருமையோடு இதை எழுதுகிறேன்.

1611-12இல் வெளிவந்த ஸ்பீடின் நிலப்படத் தொகுதிக்காக ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் செப்புத் தகட்டில் செதுக்கிய படம் இது. அதன் வண்ணமற்ற நகலை, நீரில் கரையாத நிறமி மையால், பருத்திக் கைத்தாளில், ஏறத்தாழ 51 x 38 செ.மீ. என்ற மூல அளவிலேயே அச்சிட்டுத் தீட்டி வருகிறேன். செதுக்கியவர் எல்லைகளைப் புள்ளிகளாக மட்டுமே விட்டிருப்பதால், கென்ட், சசெக்ஸ், எசெக்ஸ், வெசெக்ஸ், கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, நார்தம்ப்ரியா ஆகிய ஏழையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டும் பொறுப்பு தூரிகைக்கு உரியது. கோட்டை ஒட்டி அடர்த்தியாக ஒரு முறை இழுத்து, அது உலர்வதற்குள் வெறும் ஈரத் தூரிகையால் உள்பக்கமாக மங்கவிட வேண்டும்; நீரை உடனே உறிஞ்சாதபடி பசையேற்றாத தாளோ அந்த அவகாசத்தைத் தருவதே இல்லை.

எனவே எல்லாம் பசையேற்றத்தில்தான் இருக்கிறது. 100 மி.லி. நீருக்கு 3 கிராம் ஜெலட்டின் என்ற அளவில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்து, அகன்ற மென்தூரிகையால் தாளின் இருபுறமும் பூசி, கொடியில் முழுமையாக உலரவிட்டேன். படிகாரத்தைக் கூட்டினால் வண்ணம் இன்னும் நன்றாக நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் அமிலத்தன்மை தாளை நாளடைவில் நொறுங்கச் செய்துவிடும் என்பதால் சிட்டிகையைத் தாண்ட நான் உடன்படுவதில்லை. மூலையில் வைத்த நீர்த்துளி உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால் தாள் தயார். படிகாரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஜெலட்டினை மட்டும் சுவையும் நிறமும் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பச்சைக்கு அக்காலத்தவர் பயன்படுத்திய செப்புப் பச்சையை நான் தொடப்போவதில்லை. அது காலப்போக்கில் பழுப்பாகித் தாளையே அரித்து மறுபக்கம் வரை கறையாக இறங்குவதைப் பழைய வரைபடங்கள் பலவற்றின் பின்புறத்தில் காணலாம். அவுரி நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் கிடைக்கும் அடங்கிய பச்சையே நார்தம்ப்ரியாவுக்குப் போதும். அந்நிலம் முன்பு பெர்னீசியா, டெய்ரா என இரு அரசுகளாக இருந்தது. ஏழு என்ற நேர்த்தியான கணக்கு பிற்கால வரலாற்றாளர்கள் வகுத்தது. ஆயினும் நான் தீட்டுவது ஸ்பீடு கண்ட பிரித்தானியாவை என்பதால், அதை ஒரே நிறத்தில்தான் விடுவேன்.

தேம்ஸ் ஆற்றோரம் எசெக்ஸும் கென்டும் நெருங்கிவரும் குறுகிய இடம் இன்னும் பாக்கியிருக்கிறது. இடப்புற ஓரத்தில் ஹெங்கிஸ்ட் முதலான அரச நிறுவனர்களும், வலப்புறத்தில் மன்னர்கள் கிறித்துவம் தழுவும் காட்சிகளும் அதற்குப் பிறகுதான். ஸ்பீடின் இந்தப் படத்தைப் பின்பற்றி 1645இல் டச்சு வரைபடப் பதிப்பாளர் பிளாவ் வெளியிட்ட லத்தீன் படத்துக்கும் இப்போதே தாளுக்குப் பசையேற்றி வைத்துவிட்டேன்.