புல்தரை யாருடையது?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். அதற்காக இரண்டு சனிக்கிழமை மாடி மாடியாக ஏறி 112 கையெழுத்து வாங்கினேன். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நகர மன்ற அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனால், முகப்பில் இருந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நிறுத்தத்துக்கு முன்னால் இருக்கும் புல்தரை எங்கள் எல்லையில் வராது" என்றார். அப்படியென்றால் அது யாருடையது? அதைச் சொல்வது அவர் வேலை இல்லையாம். தாளைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

புளோக்கையும் அதைச் சுற்றிய பொது இடங்களையும் நகர மன்றம் கவனிக்கிறது. சாலையோரம், பூங்கா, பெரிய வடிகால் என்று நாலடி தள்ளிப் போனால் பொறுப்பு வேறு அமைப்பிடம் போய்விடும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே புல்தான். அதனால் கையெழுத்து வாங்கப் புறப்படும் முன்பே இடம் யாருடையது என்று பார்த்துவிடுங்கள். நான் பின்னால் கண்டுபிடித்த வழி இது: 'ஒன்சர்வீஸ்' செயலியில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால், அது உரிய அமைப்புக்குப் போகும். பதில் யாரிடமிருந்து வருகிறதோ, பெரும்பாலும் அவர்கள்தான் நாம் பேச வேண்டிய ஆள். இது முதலிலேயே தெரிந்திருந்தால் என் அரைநாள் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் எங்கள் பேட்டை அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்துக்குத் தேர்வானது. புளோக்கையும் அதைச் சுற்றிய பொது இடங்களையும் மேம்படுத்த 2007இல் தொடங்கிய திட்டம் இது. செலவு முழுவதும் அரசாங்கத்துடையது. ஆனால் தகுதியுள்ள வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினராவது ஆதரித்தால்தான் வேலை நடக்கும். வசிப்போர் குழுவில் ஆள் பற்றாக்குறை, சரி என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

திட்டத்தை விளக்கக் கீழ்த்தளத்தில் வைத்த கண்காட்சிக்கு முதல் நாள் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பலகைகளை லிஃப்டுக்குப் பின்பக்கம் வைத்திருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் நாங்களே தூக்கி லிஃப்ட் வாசலில் வைத்தோம். அன்று மாலை காய்கறிப் பையோடு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

ஆதரவு கேட்டு வீடு வீடாகப் போனபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. கதவைத் திறந்த பாதிப் பேர், "என் கழிவறையை உடைக்கப் போறீங்களா? எவ்வளவு கட்டணும்?" என்றே கேட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது ஹெச்.ஐ.பி. எனப்படும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம். அதில் கழிவறையைப் புதுப்பிப்பது விருப்பத் தேர்வு, குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை கட்ட வேண்டும். எங்கள் திட்டம் வேறு, வீட்டுக்கு வெளியே மட்டும்தான் வேலை, ஒரு காசு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. மூன்றாம் நாளிலிருந்து கதவு திறந்ததுமே "காசு இல்லை, கழிவறை இல்லை" என்று ஆரம்பித்தேன். வேலை சுலபமானது. சீன மூதாட்டிகளிடம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் பேச எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். வார நாளில் பகலில் போகாதீர்கள், பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். இரவு ஏழரைக்குப் போனால் ஆள் இருக்கும், சமையலும் முடிந்திருக்கும்.

ஐந்தாம் மாடியில் ஒரு பாட்டி, கூரை, விளையாட்டுத் திடல் எதையும் காதில் வாங்கவில்லை. "சாய்ஞ்சு உட்கார ஒண்ணு போடச் சொல்லு தம்பி. எழுந்திருக்கும்போது கை ஊன்ற ஏதாவது வேணும்" என்றார். லிஃப்ட் அருகே இருந்ததெல்லாம் முதுகில்லாத சிமெண்ட் திண்ணைகள். கலந்துரையாடலில் அதை எழுந்து சொன்னேன். நான்கு மேசைகளிலிருந்து, "ஆமாம், எங்களுக்கும்" என்று குரல் வந்தது. இறுதி வரைபடத்தில் சாய்மானமும் கைப்பிடியும் வைத்த இருக்கைகள் ஆறு இருந்தன. வாக்கெடுப்பும் தேறியது.

கூரையும் வந்துவிட்டது, ஆனால் எல்லைக்கோடு வரைக்கும்தான். புல்தரைக்கு வேறோர் அமைப்பிடமிருந்து "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. மழை நாளில் கடைசிப் பத்தடியை இன்னும் ஓடித்தான் கடக்கிறோம். அந்த 112 கையெழுத்தும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.