ஆறுதல் சொல்லாத குழு

பதற்ற நோய்க்கு மருத்துவரைக் கண்டுபிடிப்பதைவிட, அதே நோயோடு இருக்கிற நாலு பேர் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது இதே தேடலில் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலை. பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், இந்த நிமிஷமே செத்துவிடுவேன் என்று தோன்றும். பாலத்தில் இறங்கவும் முடியாது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு என்று எல்லாப் பரிசோதனையும் எடுத்தோம். எதிலும் குறை இல்லை. மாமியார் கண்ணேறு என்று சுற்றிப் போட்டார், திருவந்திபுரம் கோயிலுக்கும் கூட்டிப்போனார். அந்த அன்பு பெரிது. ஆனாலும் அடுத்த வாரமே பாலத்தில் அதே கதை. கடைசியில் பஸ்ஸையே விட்டேன். கணவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். அவரால் முடியாத நாளில் லீவு.

எங்கள் தெரு டாக்டர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரி 14416-க்குப் பேசினேன். அது டெலிமானஸ் என்ற அரசு இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, நேரில் காட்டியே ஆக வேண்டும் என்றார். கடலூர்க்காரர்கள் இதற்காக வெளியூர் போக வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே பார்க்கலாம். எனக்கு வேலை புதுச்சேரியில் என்பதால் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்துவிட வேண்டும், கூட்டம் அதிகம். பழைய ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

7 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியவில்லை, எத்தனை நாள் நிலைகொள்ளாமல் இருந்தீர்கள் என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 15-ம் அதற்கு மேலும் வந்தால் கடுமையான பதற்றம். எனக்கு அந்த வரிசையில்தான் வந்தது. மாத்திரை எழுதும்போதே, பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதலில் கொஞ்சம் குமட்டலும் படபடப்பும் கூடலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே முதல் நாட்கள் கஷ்டமாக இருந்தன. முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் விடாமல் சாப்பிட்டேன். உடனே ஆசுவாசம் தரும் இன்னொரு மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்த வகை பழக்கமாகிவிடும், தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற விஷயமில்லை.

மருந்து உடம்பை அடக்கியது. பஸ் பயம் அப்படியே இருந்தது. அப்போதுதான் குழுவைத் தேட ஆரம்பித்தேன். முதலில் சேர்ந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. நடுராத்திரியில் ஒருவர் தன் நெஞ்சுவலியை எழுதுவார், படித்த எனக்கும் வலிக்கும். வெளியே வந்துவிட்டேன். பிறகு என்னைப் பார்த்த உளவியல் நிபுணரிடமே, "குரூப்பா யாராவது நடத்துறாங்களா மேடம்?" என்று கேட்டேன். புதுச்சேரியில் ஒரு நிபுணர் சனிக்கிழமை மாலைகளில் சிறு குழு நடத்துவதாகச் சொல்லி அனுப்பினார்.

அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது முதல் விதி. அதனால் மற்றவர்கள் கதையை இங்கே எழுத மாட்டேன். இரண்டாவது விதிதான் என்னைத் திகைக்க வைத்தது. யாரும் யாருக்கும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக் கூடாது.

எனக்குக் கோபமே வந்தது. ஆறுதலுக்குத்தானே வந்திருக்கிறேன்? பஸ்ஸில் போன காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கணவருக்குப் போன் செய்வேன். "ஏங்க, கிருமாம்பாக்கம் தாண்டிட்டேன், படபடங்குது, ஒண்ணும் ஆகாதுல்ல?" அவர் ஆகாது என்பார். தவளக்குப்பம் வருவதற்குள் மறுபடி கேட்கத் தோன்றும். நிபுணர் இதைத்தான் பிரித்துக் காட்டினார். கேட்டு வாங்கும் ஆறுதல் சில நிமிஷம் நிற்கும். அப்புறம் மனசு, 'அவர் சொன்னதால்தான் தப்பித்தேன்' என்று கணக்கெழுதிக்கொள்ளும். பயம் தானாகவே இறங்கும் என்பதை அது கற்றுக்கொள்வதே இல்லை.

அதனால் குழுவில் ஆறுதலுக்குப் பதில் கேள்வி. "இப்ப என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? போன தடவை அப்படி நினைச்சப்ப என்ன நடந்துச்சு?" அக்கறையோடு கேட்பார்கள், பதில் வரும்வரை காத்திருப்பார்கள். என்னை மாதிரியே பயந்து வாழ்கிறவர் அதைக் கேட்கும்போது பொய் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் எல்லோரும் வேண்டுமென்றே வேகமாக மூச்சிழுத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, விரல் நுனியும் உதடும் மரத்தன. பாலத்தில் எனக்கு வருகிற அதே மரப்பு. அவசர மூச்சில் ரத்தத்தின் கரியமில வாயு குறைவதால் வருவது என்று விளக்கினார்கள். இதய நோய் என்று நான் நம்பியிருந்த ஒன்றை நானே வரவழைத்து, அது போவதையும் பார்த்தேன். (ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம்.)

பிறகு பஸ். முதலில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் சும்மா நிற்பது. அடுத்து பாலத்துக்கு முன்னால் ஆல்பேட்டையில் இறங்குவது. அப்புறம் கணவரோடு பாலம் தாண்டுவது. அப்புறம் தனியாக, போனை அணைத்து, தண்ணீர் பாட்டில் இல்லாமல். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுத வேண்டும். 90-ல் ஏறியது கன்னியக்கோயில் வருவதற்குள் 50-க்கு வந்தது. சனிக்கிழமை அந்த நோட்டை வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. ஓர் அண்ணன் மட்டும், "நாளைக்கு நானும் என் லிஃப்ட்ல ஏறிப் பாக்குறேன்" என்றார். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். சில நாள் படபடப்பு வரும், அதோடேயே உட்கார்ந்திருப்பேன். மாத்திரையை மருத்துவர் மெல்லக் குறைத்துவருகிறார்.

நீங்கள் தேடும்போது, பயிற்சி பெற்றவர் நடத்துகிறாரா என்று முதலில் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற, எதையாவது விற்கிற கூட்டமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவமனையில் யாரும் தாமாகக் குழுவைப் பற்றிச் சொல்வார்கள் என்று காத்திருக்காமல், "குரூப் தெரபி இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே 14416-க்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.