சங்கிலி போடாத சர்வேயர்

லண்டன் ஹாரோவில் வீடு முடிவாகிவிட்டது, அடுத்து சர்வே என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். "கண்டிப்பா அளந்துபாரு. பக்கத்து வீட்டுக்காரன் அரை அடி உள்ள வந்திருப்பான்" என்றார். அம்பாசமுத்திரத்தில் சர்வேயர் என்றால் சங்கிலி போட்டு நிலம் அளக்கிறவர். இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வருகிறவர் நிலத்தை அளப்பதில்லை. நம்மூரில் பழைய வீடு வாங்குமுன் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வோமே, அந்த வேலைதான் இவருக்கு. என்ன, இவர் படித்து, ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பில் பதிந்தவர், காப்பீடும் வைத்திருப்பார்.

நானும் குழம்பினேன், வேறு விதமாக. மார்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக்கடனுக்கு, விண்ணப்பித்ததும் வங்கி தன் செலவிலேயே ஆள் அனுப்பி வீட்டை மதிப்பிட்டது. வந்தவர் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை என்று விற்பவர் சொன்னார். பத்து நாளில் கடன் ஒப்புதல் வந்துவிட்டது. வங்கியே பார்த்துச் சரி என்றபின் நாம் எதற்குத் தனியாகச் செலவழிப்பது என்றிருந்தேன். கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர்தான் தடுத்தார். "அது பேங்க்காரன்ர கண், தம்பி. உங்கட கண் எங்க?"

அவர் சொன்னது சரி. நாம் தவணை கட்டாமல் போனால் வீட்டை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கேள்வி. அதற்குச் சில சமயம் ஆளே வரமாட்டார். அக்கம்பக்கத்து விற்பனை விலையைக் கணினியில் பார்த்தே முடித்துவிடுவார்கள். கூரை ஒழுகுகிறதா என்ற கவலை வாங்குகிறவனுடையது. ஸ்காட்லாந்தில் விற்பவரே 'ஹோம் ரிப்போர்ட்' தயாரித்துத் தர வேண்டும், 2008 முதல் அப்படித்தான். இங்கிலாந்தில் அந்தச் சொகுசு இல்லை.

ஆர்.ஐ.சி.எஸ். சர்வேயில் மூன்று நிலைகள். முதலாவது மேலோட்டம். இரண்டாவது, ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு. மூன்றாவது, பழைய வீடு, இடித்து மாற்றிக் கட்டிய வீடு போன்றவற்றுக்கு. எங்களுடையது 1930களில் கட்டிய செமி டிடாச்ட், பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு. முன்னறை, பின்னறைக்கு நடுவே இருந்த சுவரை யாரோ எடுத்திருந்தார்கள், பின்னால் சமையலறையை நீட்டியிருந்தார்கள். எஸ்டேட் ஏஜென்ட் "இதுக்கு லெவல் 2 போதும், எங்களுக்குத் தெரிந்தவர் இருக்கிறார்" என்றார். விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறவர் காட்டும் ஆளை நான் எதற்கு எடுக்க வேண்டும்? ஆர்.ஐ.சி.எஸ். இணையதளத்தில் தேடி, ஹாரோ வீடுகளிலேயே பழகிய ஒருவரைப் பிடித்தேன். லெவல் 3, 840 பவுண்டு. அதற்கு முன்பு பார்த்த வீட்டில் சர்வேக்குப் பணம் கட்டியபின் வேறொருவர் கூடுதல் விலை சொல்லித் தட்டிக்கொண்டு போயிருந்தார். அந்தப் பணம் போனது போனதுதான். அதனால் இந்த முறை கடன் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே சர்வேக்குத் தேதி வாங்கினேன்.

அவர் நாலு மணி நேரம் இருந்தார். கடைசி அரை மணிக்கு என்னையும் வரச் சொன்னார். ஏணி, டார்ச், தொலைநோக்கி, சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டர். கார்ப்பெட்டைத் தூக்கவோ அலமாரியை நகர்த்தவோ மாட்டார். விற்பவர் வீடு அல்லவா.

ஒரு வாரத்தில் 64 பக்க அறிக்கை வந்தது. பச்சை 1, மஞ்சள் 2, சிவப்பு 3 என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒன்பது சிவப்பு. மனைவி படித்துவிட்டு "வேண்டாம், விட்டுரலாம்" என்றாள். நான் சர்வேயருக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: கையெழுத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டியது எது, குடிபோன பிறகு பார்க்கலாம் என்பது எது? ஒன்பதும் வேறாகத் தெரிய ஆரம்பித்தது. மின்சாரமும் கேஸும் சிவப்பானதற்குக் காரணம் சமீபத்திய சோதனைச் சான்று இல்லாததுதான். கராஜ் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். உடைக்காமல் விட்டால் உடனே ஒன்றும் இல்லை. பின்சுவர் ஈரத்துக்குக் காரணம், வெளியே அதை ஒட்டி யாரோ போட்ட கல்தளம். ஈரத்தடுப்பு அடுக்குக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டிய தரை அதற்கு மேலே ஏறியிருந்தது. சுவருக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்று யாராவது வந்தால் நம்பாதே, முதலில் தளத்தை வெட்டி இறக்கு என்றார்.

உண்மையான தலைவலி மேலே இருந்தது. இடம் வேண்டுமென்று கீழறையிலும் படுக்கையறையிலும் புகைபோக்கிச் சுவரை இடித்திருந்தார்கள். பரணில் மிச்சமிருந்த டன் கணக்கான செங்கல்லை இரண்டு முக்கோண இரும்புத் தாங்கிகள் சுமந்துகொண்டிருந்தன. உள்ளூராட்சியான கவுன்சிலின் கட்டட அனுமதிச் சான்றை விற்பவரிடம் கேட்டால், "நாங்கள் வாங்கும்போதே அப்படித்தான்" என்று பதில். அதற்குப் பதிலாக ஒரு இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துத் தருகிறோம் என்றார்கள். எங்கள் சொலிசிட்டரும் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) தலையாட்டத் தயாராக இருந்தார். விசாரித்தால், கவுன்சில் பின்னாளில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான் அந்தப் பாலிசி. செங்கல் இறங்கினால் அது ஒரு பைசா தராது. இன்னொரு வேடிக்கை, நாமே கவுன்சிலைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டால் பொதுவாகப் பாலிசியே கிடைக்காது. அதனால் கவுன்சிலைத் தொடாமல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை 450 பவுண்டு கொடுத்து அனுப்பினேன். தாங்கி போதாது, இரும்பு பீம் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு ஏஜென்ட்டிடம் விலையில் 6,000 பவுண்டு குறைக்கச் சொன்னேன். பேரம் நமக்குப் புதிதா என்ன. 4,500இல் நின்றது. விலை குறைந்ததை சொலிசிட்டர் வங்கிக்குச் சொல்லியாக வேண்டுமாம், சொன்னார். புதிய கடன் கடிதம் வர இன்னும் பன்னிரண்டு நாள். வாடகை வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் கெஞ்சி வாங்கினோம்.

நவம்பரில் குடிபுகுந்தோம், ஜனவரியில் பீம் ஏறியது. கல்தளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. கோடையில் அப்பா வந்தார். பால் காய்ச்சிய கதையெல்லாம் கேட்டு முடித்து, சமையலறைப் பின்சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "இங்க ஈரம் இருக்குடா, எவனும் சொல்லலியா?" 41ஆம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். "இதுக்கா அவ்வளவு ரூபா?" என்று கேட்டுவிட்டு வேலியோரம் போய் நின்று, கண்ணாலேயே எல்லையை அளக்க ஆரம்பித்தார்.